நீளும் மரபெழுத்தைக் குறுக்கும் மூலக்கூறு: ஸ்ரீராம்புரத்துக்கு எட்டுமா?

பெங்களூரு நகரின் வடமேற்கே, மல்லேஸ்வரத்துக்கும் ராஜாஜி நகருக்கும் இடையில் அமைந்துள்ள ஸ்ரீராம்புரம், தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகளில் ஒன்று. பஞ்சாலைகளையும் ரயில்வேயையும் கட்டட வேலைகளையும் நம்பி வந்த தொழிலாளர் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இங்கு வாழ்கின்றனர். ஆலைகளின் சங்கொலி ஓய்ந்துவிட்டது. ராஜா மில் இருந்த இடத்தில் இன்று வணிக வளாகம் நிற்கிறது. கூலி வேலையும் சிறு வணிகமும் மட்டும் தொடர்கின்றன.

இந்தக் குடியிருப்புக்குச் சில கிலோமீட்டர் வடக்கே, 1909ஆம் ஆண்டு நிறுவப்பட்ட இந்திய அறிவியல் கழகம் உள்ளது. நகரின் தெற்கே, ஓசூர் சாலையில், நிம்ஹான்ஸ் எனப்படும் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் உள்ளது. நாட்டின் மூளை ஆராய்ச்சியில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படும் இவ்விரு நிறுவனங்களும் மக்கள் வரிப்பணத்தில் இயங்குபவை. டி.என்.ஏ.வில் எழுதப்பட்ட பிழையையே மாற்றக்கூடிய சிறுமூலக்கூறுகள் பற்றிய ஆய்வுகள் உலகெங்கும் வேகம் பெற்றுவரும் நிலையில், அவற்றின் பயன் இவ்விரு நிறுவனங்களுக்கு நடுவில் வாழும் ஓர் உழைப்பாளி குடும்பத்துக்குக் கிடைக்குமா என்ற கேள்வி எழுந்துள்ளது. இது அறிவியல் கேள்வி மட்டுமன்று. அரசியல் கேள்வியும் ஆகும்.

மூன்று எழுத்துகளின் பெருக்கம்

உயிரினங்களின் மரபுச் செய்தி ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துகளால் டி.என்.ஏ. இழையில் எழுதப்பட்டுள்ளது. சில மரபணுக்களில் சி, ஏ, ஜி என்ற மூன்று எழுத்துகள் அடுத்தடுத்துப் பலமுறை திரும்ப வருகின்றன. அரசியல் செய்திகளைப் படிப்போருக்கு 'சிஏஜி' என்றவுடன் அரசின் கணக்குகளைத் தணிக்கை செய்யும் தலைமை அதிகாரி நினைவுக்கு வரக்கூடும். இங்கும் கணக்கே முக்கியம். எத்தனை முறை இந்தத் தொடர் திரும்ப வருகிறது என்பதைப் பொறுத்தே ஒருவரின் வாழ்வு அமைகிறது.

ஹண்டிங்டன் நோய் இதற்குத் தக்க சான்று. 1872ஆம் ஆண்டு ஜார்ஜ் ஹண்டிங்டன் என்ற இளம் அமெரிக்க மருத்துவர் இதனை விவரித்தார். கைகால்கள் கட்டுப்பாடின்றி அசைவதும், மனநிலை மாறுவதும், நினைவாற்றல் சிதைவதும் இதன் அறிகுறிகள். இந்நோய்க்கான மரபணு 1993ஆம் ஆண்டு கண்டறியப்பட்டது. அந்த மரபணுவில் சிஏஜி தொடர் 36 முறைக்குக் குறைவாக இருந்தால் நோய் வருவதில்லை. 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் வாழ்நாளில் நோய் வருவது ஏறத்தாழ உறுதி. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் வருவதற்கான வாய்ப்பு 50 விழுக்காடு. தலைமுறை தோறும் தொடர் நீளக்கூடும் என்பதால், தந்தைக்கு 50 வயதில் வந்த நோய் மகனுக்கு 35 வயதிலேயே வந்துவிடுவதும் உண்டு.

இவ்வகைத் திரும்பவரும் எழுத்துத் தொடர்களால் விளையும் நோய்கள் 40க்கும் மேற்பட்டவை இன்று அறியப்பட்டுள்ளன. அவற்றுள் சிறுமூளை சிதைந்து நடையும் பேச்சும் தடுமாறும் தள்ளாட்ட நோய்கள் ஒரு பெரிய பிரிவு. மருத்துவர்கள் இவற்றை 'ஸ்பைனோசெரிபெல்லர் அட்டாக்சியா' என்று அழைத்து, எண் கொடுத்து வகைப்படுத்துகின்றனர்.

தமிழருக்கும் தொடர்பு உண்டு

இவை மேலை நாட்டு நோய்கள் என்று ஒதுக்கிவிட இயலாது. தள்ளாட்ட நோயின் 12ஆம் வகை 1999ஆம் ஆண்டு ஜெர்மானிய வழிவந்த ஓர் அமெரிக்கக் குடும்பத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. உலகின் பிற பகுதிகளில் மிக அரிதான இவ்வகை, வட இந்தியக் குடும்பங்கள் பலவற்றில், குறிப்பாக அகர்வால் சமூகத்தினரிடையே, இருப்பது பின்னர் தெரியவந்தது. ஒரே மூதாதையரிடமிருந்து இது பரவியிருக்க வேண்டும் என்று இந்திய ஆய்வாளர்கள் 2005ஆம் ஆண்டு சான்று காட்டினர்.

அதே 2005ஆம் ஆண்டில் 'நியூராலஜி இந்தியா' இதழில் வெளியான மற்றோர் ஆய்வு, தமிழ்ச் சமூகப் பிரிவு ஒன்றில் தள்ளாட்ட நோயின் முதல் வகை மிகுதியாகக் காணப்படுவதைப் பதிவு செய்தது. இந்த முதல் வகையும் சிஏஜி தொடர் நீள்வதால் வருவதே. நலமுள்ளவர்களின் மரபணுவில் இத்தொடரின் நடுவே வேறு எழுத்துகள் குறுக்கிட்டு, வேலிக்கால் போல் நின்று தொடரை நிலைப்படுத்துகின்றன. அந்தக் குறுக்கீடு இல்லாதபோது தொடர் நழுவி நீள்கிறது.

ஸ்ரீராம்புரத்தில் இந்நோய் கூடுதலாக உள்ளது என்பது இதன் பொருளன்று. தமிழகத்திலிருந்து பிழைப்பு தேடிப் புறப்பட்ட குடும்பங்கள் தங்கள் மரபணுக்களையும் உடன்கொண்டே சென்றன என்பதும், தமிழர் வாழும் எந்த நகரிலும் இந்நோயின் ஒரு கிளை இருக்கக்கூடும் என்பதுமே கருதத்தக்கது.

உழைப்பாளர் பகுதிகளில் இந்நோய் கொணரும் துன்பம் இரட்டிப்பானது. தள்ளாடி நடப்பவரையும் குழறிப் பேசுபவரையும் குடிகாரர் என்று கருதுவது உலகெங்கும் இந்நோயாளிகள் சந்திக்கும் அவமதிப்பு. அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிபவர் சில ஆண்டுகள் சமாளிக்கலாம். சாரத்தில் ஏறுபவரும், வண்டி ஓட்டுபவரும், தலையில் சுமை தூக்குபவரும் முதல் தடுமாற்றத்திலேயே வேலையை இழக்கின்றனர். நோயின் பெயர் தெரியுமுன்பே குடும்பத்தின் வருவாய் நின்றுவிடுகிறது.

தொடர் நீள்வது எப்படி?

டி.என்.ஏ. இரு இழைகளால் ஆனது. செல் பிரியும்போதும் பழுது நீக்கப்படும்போதும் ஓர் இழையைப் பார்த்து மறு இழை புதிதாகப் பின்னப்படுகிறது. ஒரே சொல் பலமுறை வரும் பத்தியைப் படியெடுக்கும் எழுத்தர், எந்த வரியில் நின்றோம் என்பதைத் தவறவிடுவது போல, திரும்பவரும் தொடர்களில் இழைகள் நழுவுகின்றன. நழுவிய பகுதி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு போல் வெளியே துருத்தி நிற்கிறது.

செல்லில் உள்ள பழுதுபார்க்கும் புரதங்கள் இந்த வளைவைக் காண்கின்றன. அதனை வெட்டி எறிவதற்கு மாறாக, எதிர் இழையிலும் அதே அளவுக்கு எழுத்துகளைச் சேர்த்துச் சமன் செய்துவிடுகின்றன. இதனால் தொடர் சில எழுத்துகள் நீள்கிறது. காவலுக்கு நிறுத்தப்பட்டவரே வேலியைத் திறந்துவிட்ட கதை இது. மூளையின் நரம்புச் செல்கள் பிரிவதில்லை எனினும், அவற்றில் பழுதுபார்ப்பு இடையறாது நடப்பதால் வாழ்நாள் முழுவதும் இந்த நீட்சி தொடர்கிறது.

இந்த நீட்சியின் முழுப் பொருளும் அண்மையிலேயே தெளிவாகியுள்ளது. ஹண்டிங்டன் நோயாளிகள் இறந்தபின் கொடையாகப் பெற்ற மூளைகளில் செல் செல்லாக அமெரிக்க ஆய்வாளர்கள் மேற்கொண்ட ஆய்வு, 2025ஆம் ஆண்டு ஜனவரியில் 'செல்' இதழில் வெளியானது. பிறப்பில் 40 அளவில் இருக்கும் தொடர், பாதிப்புக்குள்ளாகும் நரம்புச் செல்களில் பல பத்தாண்டுகளில் மெல்ல 80 ஆகிறது. அதன்பின் விரைந்து நீண்டு 150ஐக் கடக்கும்போதுதான் அந்தச் செல் சீர்குலைந்து மடிகிறது என்று அவ்வாய்வு கூறுகிறது. அதாவது, நோய்க்குக் காரணமான மரபணுவுடன் பிறந்தவரின் மூளைச் செல்கள் நெடுங்காலம் பெரும்பாலும் நலமாகவே உள்ளன. நீட்சியைத் தடுக்க முடிந்தால் நோயையே தள்ளிப்போடலாம் என்ற நம்பிக்கை இதிலிருந்து பிறக்கிறது.

டொரண்டோவும் ஒசாகாவும்

நீட்சியைத் தடுப்பது மட்டுமன்றி, நீண்ட தொடரைக் குறுக்கவும் முடியும் என்று காட்டிய ஆய்வு 2020ஆம் ஆண்டு பிப்ரவரியில் 'நேச்சர் ஜெனடிக்ஸ்' இதழில் வெளியானது. கனடாவின் டொரண்டோ நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையைச் சேர்ந்த கிறிஸ்டோபர் பியர்சன், ஜப்பானின் ஒசாகா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கசுஹிகோ நகதானி, மசாயுகி நகமோரி ஆகியோரும் அவர்தம் குழுவினரும் இதனை நிகழ்த்தினர்.

நகதானி வடிவமைத்த 'நாப்திரிடின் அசாகுவினோலோன்' என்னும் சிறுமூலக்கூறு, சிஏஜி தொடர் கொண்டை ஊசியாக வளையும்போது எதிரெதிரே பொருந்தாமல் நிற்கும் ஏ எழுத்துகளைத் தேடிச் சென்று பற்றிக்கொள்கிறது. அவ்வாறு பற்றியபின் பழுதுபார்க்கும் புரதங்களால் வழக்கம்போல் எழுத்துகளைச் சேர்க்க இயலவில்லை. நாளடைவில் தொடர் குறுகுகிறது. ஹண்டிங்டன் நோய்க்கான எலிகளின் மூளையில் இதனைச் செலுத்தியபோது தொடரின் நீளம் குறைந்தது. நோய்க்குரிய புரதத் திரள்களும் குறைந்தன. இயல்பான நீளமுள்ள தொடர்கள் பாதிக்கப்படவில்லை. வளைவு எங்கு உள்ளதோ அங்கு மட்டுமே அது வேலை செய்தது.

இந்த மூலக்கூறு இன்னும் மருந்தாகவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். எலியின் மூளைக்குள் நேரடியாக ஊசி மூலம் செலுத்தியே சோதனை நடந்தது. எலிக்குப் பயன் தந்தது மனிதருக்குப் பயன் தராமற்போன சான்றுகள் மருத்துவ வரலாற்றில் ஏராளம். ஹண்டிங்டன் நோய்க்காகச் சோதிக்கப்பட்ட 'பிரானாபிளாம்' என்ற வேறொரு சிறுமூலக்கூறின் மனிதச் சோதனை, நரம்புப் பாதிப்பு தென்பட்டதால் 2022ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது. ஆகவே, மரபணு நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வோரிடம் இக்குடும்பங்கள் ஏமாறாமல் இருப்பது அவசியம்.

இந்தியாவிலும் இத்துறையில் பணி நடக்கிறது. இந்தூர் ஐ.ஐ.டி.யின் அமித் குமார் குழுவினர், தாவரங்களில் காணப்படும் 'மிரிசெட்டின்' என்ற பொருள் சிஏஜி தொடர் கொண்ட ஆர்.என்.ஏ.வைப் பற்றி அதன் நச்சுத்தன்மையைக் குறைப்பதாக 2018ஆம் ஆண்டு வெளியிட்டனர். இது டி.என்.ஏ.வை மாற்றுவதன்று, அதிலிருந்து எடுக்கப்படும் நகலைக் கட்டுப்படுத்துவது. எனினும், அரசு நிதியில் இயங்கும் இந்திய ஆய்வகங்களுக்கும் இப்போட்டியில் இடம் உண்டு என்பதை இது உணர்த்துகிறது.

சிறியது ஏன் பெரியது?

இந்நோய்களுக்கு வேறு வழிகளும் தேடப்படுகின்றன. மூளையில் அறுவைச் சிகிச்சை செய்து செலுத்தப்படும் ஒரு மரபணு சிகிச்சை, கூடிய அளவு மருந்து பெற்ற 12 ஹண்டிங்டன் நோயாளிகளிடம் மூன்றாண்டுகளில் நோய் முற்றும் வேகத்தை 75 விழுக்காடு குறைத்ததாக 2025ஆம் ஆண்டு செப்டம்பரில் அதன் நிறுவனம் அறிவித்தது. ஆனால் மரபணு சிகிச்சைகளின் விலை சாதாரண மக்களால் நினைத்துப் பார்க்கவும் இயலாதது. முதுகுத்தண்டுத் தசை நலிவு நோய்க்கான 'சோல்ஜென்ஸ்மா' 2019ஆம் ஆண்டு அமெரிக்காவில் 21 லட்சம் டாலர் விலையில் அறிமுகமானது.

சிறுமூலக்கூறுகளின் சிறப்பு இங்குதான் உள்ளது. அவை வேதியியல் முறையில் தொழிற்சாலையில் தயாரிக்கத்தக்கவை. மாத்திரையாகவோ மருந்துநீராகவோ வழங்க வாய்ப்புள்ளவை. இந்திய மருந்துத் தொழில் உலகுக்கே வழங்கிவரும் வகையைச் சேர்ந்தவை. அவற்றின் விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் தயாரிப்புச் செலவன்று, காப்புரிமை.

இதற்கு மிக அண்மைச் சான்று 'ரிஸ்டிபிளாம்' வழக்கு. முதுகுத்தண்டுத் தசை நலிவு நோய்க்கான இந்தச் சிறுமூலக்கூறை ஒரு குப்பி ஏறத்தாழ 6 லட்சம் ரூபாய்க்கு ரோஷ் நிறுவனம் விற்றுவந்தது. ஐதராபாத்தைச் சேர்ந்த நாட்கோ நிறுவனம் இதே மருந்தைத் தயாரிக்க முன்வந்தபோது ரோஷ் தடை கோரியது. 2025ஆம் ஆண்டு மார்ச்சில் தில்லி உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடை விதிக்க மறுத்தார். அக்டோபரில் அதே நீதிமன்றத்தின் அமர்வும், தொடர்ந்து உச்ச நீதிமன்றமும் ரோஷின் முறையீட்டை ஏற்கவில்லை. உடனே நாட்கோ அறிவித்த விலை ஒரு குப்பிக்கு 15,900 ரூபாய். மருந்து ஒன்றே, மூலக்கூறும் ஒன்றே. மாறியது சட்ட நிலை மட்டுமே.

2005ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது நாடாளுமன்றத்தில் நடந்த வாதங்களும், அதன்வழி வந்த 3(டி) பிரிவும், அதனை உறுதிசெய்து 2013ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் 'கிளிவெக்' வழக்கில் அளித்த தீர்ப்பும் இத்தொடரில் நினைக்கத்தக்கவை. அன்று புற்றுநோய் மருந்துக்காக எழுப்பப்பட்ட மதிலே நாளை மரபணு நோய் மருந்துக்கும் காவலாகக்கூடும். பன்னாட்டு நிறுவனங்களும் இத்துறையின் மதிப்பை அறிந்தே உள்ளன. ஹண்டிங்டன் நோய்க்கான ஒரு சிறுமூலக்கூறின் உரிமத்துக்காக நோவார்ட்டிஸ் நிறுவனம் 2024ஆம் ஆண்டு இறுதியில் 100 கோடி டாலர் முன்பணம் தர ஒப்பந்தம் செய்தது.

எண்ணப்படாதவர்கள்

மருந்து வந்தாலும் அதைப் பெறுவதற்கு முதலில் நோயாளி என்று அறியப்பட வேண்டும். தடையற்ற வணிக உடன்பாடுகள் பற்றிப் பேசுவோர் கவனிக்கத் தவறும் இடம் இது. நிம்ஹான்ஸ் போன்ற மையங்களில் மரபணுச் சோதனையும் ஆலோசனையும் கிடைக்கின்றன. ஆனால் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து அந்த மையம் வரை வந்து சேரும் பாதை நீளமானது. முடக்குவாதம், பக்கவாதம், குடிப்பழக்கம், பேய்க்கோளாறு என்று பல பெயர் சூட்டப்பட்ட பின்னரே பலருக்குச் சரியான பெயர் கிடைக்கிறது.

மத்திய அரசு 2021ஆம் ஆண்டு மார்ச்சில் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கையை வெளியிட்டது. அதன்கீழ் அறிவிக்கப்பட்ட சிறப்பு மையங்களில், பெங்களூருவின் மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி குழந்தைகள் நல நிறுவனமும் இணைந்து செயல்படுவதும் ஒன்று. 2022ஆம் ஆண்டு முதல் நோயாளி ஒருவருக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி வழங்க வழி செய்யப்பட்டது. ஆனால் குழந்தைப் பருவத்தில் வெளிப்படும் நோய்களே இக்கொள்கையில் முன்னிடம் பெறுகின்றன. குடும்பத்தைத் தாங்கும் வயதில், 30களிலும் 40களிலும் தாக்கும் சிஏஜி நோய்கள் பின்வரிசையில் நிற்கின்றன.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் 21 வகைக் குறைபாடுகளை ஏற்றபோது, நாள்பட்ட நரம்பியல் நோய்களுக்கு எடுத்துக்காட்டாக மல்டிபிள் ஸ்கிளரோசிசையும் பார்க்கின்சன் நோயையும் மட்டுமே பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. காப்பீட்டுத் துறையில், மரபணுக் கோளாறு என்ற ஒரே காரணத்தைக் கூறிப் பொத்தாம்பொதுவாகக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் தில்லி உயர் நீதிமன்றம் கூறியது. அவ்வழக்கு பின்னர் உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. மரபணுச் சோதனை செய்துகொள்வோருக்கு எதிரான பாகுபாட்டை முழுமையாகத் தடுக்கும் தனிச் சட்டம் நாட்டில் இல்லை. வேலையும் திருமணமும் காப்பீடும் பறிபோகும் என்று அஞ்சுபவர் சோதனைக்கு எவ்வாறு முன்வருவார்?

தரவு யாருடையது?

இந்திய அறிவியல் கழக வளாகத்தில் உள்ள மூளை ஆராய்ச்சி மையமே 'ஜீனோம் இந்தியா' திட்டத்தை ஒருங்கிணைத்தது. நாடு முழுவதிலுமிருந்து 10 ஆயிரம் பேரின் மரபணுத் தொகுதிகள் படிக்கப்பட்டு, அத்தரவுகள் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. இது பெருமைக்குரிய பணி. ஆயினும், திரும்பவரும் நீண்ட தொடர்களை அளப்பதற்கு வழக்கமான மரபணு வாசிப்பு போதாது. தனி முறைகளும் தனி முதலீடும் தேவை.

ஒரு மருந்து உருவாவதற்கு மூலக்கூறு மட்டும் போதாது. குருதி கொடுப்போர், குடும்ப வரலாறு சொல்வோர், ஆண்டுக்கணக்கில் சோதனைக்கு வந்து செல்வோர், இறந்தபின் மூளையைக் கொடையாக அளிப்போர் என நோயாளிக் குடும்பங்களின் பங்களிப்பு இன்றியமையாதது. ஹண்டிங்டன் மரபணுவைக் கண்டறிய உதவியோர், வெனிசுவேலாவின் மராகைபோ ஏரிக்கரையில் வாழ்ந்த ஏழை மீனவக் குடும்பத்தினர். நான்சி வெக்ஸ்லர் தலைமையிலான குழு 1979ஆம் ஆண்டு முதல் ஆண்டுதோறும் அங்கு சென்று குருதி மாதிரிகளைத் திரட்டியது. அந்த மாதிரிகள் தந்த அறிவால் உலகெங்கும் ஆய்வு வளர்ந்தது. அம்மக்களோ இன்னும் வறுமையிலிருந்து மீளவில்லை.

தள்ளாட்ட நோயின் 12ஆம் வகைக்கும், தமிழ்ச் சமூகத்தில் கண்டறியப்பட்ட முதல் வகைக்கும் உரிய குடும்பங்கள் இந்தியாவில் உள்ளன. நாளை சிஏஜி தொடரைக் குறுக்கும் சிறுமூலக்கூறு மனிதச் சோதனைக்கு வரும்போது இக்குடும்பங்களை உலக நிறுவனங்கள் தேடி வரக்கூடும். சோதனையில் பங்கேற்றவருக்குப் பின்னரும் மருந்து தொடர்ந்து கிடைக்க வேண்டும். அரசு ஆய்வகத்தில் பிறந்த கண்டுபிடிப்பு கட்டுப்படியாகும் விலைக்கு வர வேண்டும். நோயாளிகளின் பதிவேடு மாநிலந்தோறும் அமைய வேண்டும். மரபணுப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் வேண்டும். இவை மருந்து வந்தபின் கேட்க வேண்டியவை அல்ல.

ரிஸ்டிபிளாமுக்காக நோயாளிகளின் பெற்றோர் நீதிமன்றப் படிகளில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்தனர். அதற்குள் இழந்த தசை வலிமை திரும்புவதில்லை. சிஏஜி நோய்களைப் பொறுத்தவரை நாட்டுக்கு இன்னும் சில ஆண்டுகள் அவகாசம் உள்ளது. விதிகளை இப்போதே எழுதினால், மூலக்கூறு மருந்தாகும் நாளில் ஸ்ரீராம்புரத்துத் தொழிலாளியும் வரிசையில் நிற்க முடியும். எழுதத் தவறினால், அவர் வாழும் நகரிலேயே பிறந்த அறிவும் அவருக்கு வெளிநாட்டுச் சரக்காகவே இருக்கும்.